மருந்து தெளித்த தரையும் வீட்டு நாயும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

நமது கிராமங்களில் நாய் இல்லாத தெருவைக் காண்பது அரிது. களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல், கிடையில் ஆட்டுக்குக் காவல், கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி நுழையாதபடி காவல், இரவில் வீட்டு வாசலில் காவல் என அது செய்யும் ஊழியம் பல. அதற்கு நாம் கொடுக்கும் கூலியோ ஒரு கவளம் சோறு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர்பெற்ற நாயினங்கள் நம் தென் மாவட்டங்களுக்கு உரியவை. வெறிநாய்க் கடியின் கொடுமையை உணர்ந்து, நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதில் இந்நாளில் நாம் அக்கறை காட்டி வருகிறோம். ஆயினும், நாமே நமது கையால் தெளிக்கும் பூச்சிமருந்தினால் அவற்றுக்கு நேரும் தீங்கைப் பற்றிப் போதிய அளவு சிந்திப்பதில்லை.

வரப்பிலும், பள்ளித் திடலிலும், வீட்டுத் தோட்டத்திலும் மருந்து தெளித்தபின் நாய்களைக் காப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுதும் தகுதி எனக்கு ஒரு தவற்றின் மூலமே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றி வந்தேன். அலுவலகத்தின் முன்புறம் பத்துச் சென்ட் அளவில் புல்தரை ஒன்று இருந்தது. கோடை மழைக்குப் பின் அந்தப் புல் திட்டுத் திட்டாய்ப் பழுத்துக் காயத் தொடங்கியது. தோண்டிப் பார்த்தபோது வேரடியில் வெள்ளைப் புழுக்கள் தென்பட்டன. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குள் புல் பச்சை பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் மருந்தடிக்க அனுமதி அளித்தவன் நானே. ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் வரமாட்டார்கள். ஆதலால் சனிக்கிழமை மாலை தெளித்துவிட்டால் எவருக்கும் இடையூறு இராது என்று நாளும் குறித்தேன்.

அவ்வளாகத்தின் இரவுக் காவலர் வயது முதிர்ந்தவர். கோம்பைச் சாயலுள்ள செந்நிற நாய் ஒன்று அவருடன் இருந்தது. இரவு முழுவதும் அவரோடு சுற்றி வரும். பின்னிரவில் அந்தப் புல்தரையில் படுத்துக்கொள்ளும். மருந்து தெளித்த செய்தியை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் பணிக்கு வந்தபோது தெளித்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். வாடையை உணர்ந்தவர், கொசுவுக்கு அடித்த மருந்து என்று எண்ணிக்கொண்டார்.

விடியற்காலையில் நாயின் வாயிலிருந்து எச்சில் கயிறு போல் வழிந்தது, கால்கள் நடுங்கின, கழிச்சல் கண்டது. பதறிப்போன பெரியவர், நஞ்சு முறியும் என்று பிறர் சொன்னதைக் கேட்டுப் பாலையும் நல்லெண்ணெயையும் அதன் வாயில் ஊற்றினார். விடுமுறை நாளாதலால் கால்நடை மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நேரம் கழிந்தது. அவர் வந்து சேருமுன்பே நாயின் மூச்சு அடங்கிவிட்டது.

திங்களன்று பெரியவரைச் சந்தித்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டிப் போட்டிருப்பேன், ஐயா" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. என்னாலும் பேச முடியவில்லை. மருந்தின் அளவு எனக்குத் தெரிந்திருந்தது, செலவு தெரிந்திருந்தது, அந்தத் தரையில் யார் படுத்து உறங்குகிறார்கள் என்பதை மட்டும் நான் விசாரிக்கவில்லை.

நாய்க்கு ஆபத்து அதிகமாவது ஏன்?

மருந்து தெளித்த புல்லின் மேல் மனிதன் நடந்தால் அவன் செருப்பில்தான் மருந்து படுகிறது. நாயோ வெறுங்காலுடன் நடக்கிறது. மூக்கைத் தரையோடு உரசிக்கொண்டு மோப்பம் பிடிக்கிறது. வயிறு புல்லில் படும்படி படுக்கிறது. பின்னர் தன் பாதத்தையும் மயிரையும் நக்கிச் சுத்தம் செய்கிறது. இவ்வாறு தோலின் வழியாகவும், மூச்சின் வழியாகவும், வாயின் வழியாகவும் நஞ்சு உட்செல்கிறது.

உடல் எடையையும் கருத வேண்டும். 60 கிலோ எடையுள்ள மனிதனின் உடலில் சேரும் அதே அளவு நஞ்சு 10 கிலோ எடையுள்ள நாயின் உடலில் சேர்ந்தால், கிலோ ஒன்றுக்கு ஆறு மடங்கு ஆகிறது. குட்டிகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெயில் நாளில் நாய்கள் ஈரமண்ணைப் பறித்துக் குழி செய்து அதில் படுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். புது வீட்டின் அடித்தளத்தைச் சுற்றிக் கரையானுக்கு மருந்து ஊற்றிய மண்ணும் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும்தான் இருக்கும். நாய்க்கு வேற்றுமை தெரியாது.

அமெரிக்க நாட்டில் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தார் வீட்டுப் புல்தரைகளில் களைக்கொல்லி தெளிப்பதைப் பற்றி ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். தெளித்த 25 வீடுகளில் 19 வீடுகளின் நாய்களுடைய சிறுநீரில் அம்மருந்துகள் காணப்பட்டன. இதில் வியப்பில்லை. ஆனால் மருந்தே தெளிக்காத 8 வீடுகளில் 4 வீடுகளின் நாய்களிடமும் அவை காணப்பட்டன! அண்டையில் தெளித்தது காற்றில் மிதந்து வந்து தெளிக்காத புல்லிலும் படிந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, நமது மருந்து நமது வேலிக்குள்ளேயே நின்றுவிடும் என்று நினைப்பது தவறு.

டப்பாவின் மேலுள்ள முக்கோணம்

நஞ்சு, வைத்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக எழுந்த ஆலோசனைகளின் தொடர்ச்சியாகவே 1968ஆம் ஆண்டில் பூச்சிமருந்துச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் அதற்குரிய விதிகளும் பிறந்தன.

இவ்விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவின் மேலும் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு, மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள், கொடிய நஞ்சு, நீலம், நடுத்தரமானது, பச்சை, குறைந்தது. பரிசோதனைப் பிராணிகளில் பாதியைக் கொல்லக்கூடிய அளவு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு 1 முதல் 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. பச்சை நிறம் நஞ்சு குறைவு என்பதைச் சொல்லுமேயன்றி, நஞ்சே இல்லை என்று சொல்லாது. எழுத்தறியாதவரும் இந்த நிறத்தை அறியலாம். வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் இதைக் கற்பித்து வைப்பது நலம்.

பழைய கொட்டகைகளின் மூலையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் டப்பாக்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கார்பரில் 2018ஆம் ஆண்டிலும், போரேட் குருணை 2020 டிசம்பர் 31ஆம் நாளுக்குப் பின்னும் தடை செய்யப்பட்டுவிட்டன. இத்தகையவை இருக்குமாயின், எடுத்துப் பயன்படுத்தாமல் வட்டார வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்து அவருடைய யோசனைப்படி நடக்க வேண்டும்.

மணம் பரப்பும் நஞ்சு

தெளிப்பு மருந்தை நாய் தேடிப் போவதில்லை. அறியாமல் அதில் படுகிறது. ஆனால் அது மோப்பம் பிடித்துத் தேடிப்போய் உண்ணும் நஞ்சுகளும் உண்டு. கீழ்க்கண்டவற்றில் தனிக் கவனம் வேண்டும்.

புரோடீனியாப் புழுவுக்குத் தவிடும் வெல்லமும் மருந்தும் பிசைந்து உருண்டைகளாக வைப்பது நமது வழக்கம். புழுவை இழுக்கும் வெல்ல மணம் நாயையும் இழுக்கும்.

நத்தைகளுக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணை தின்பண்டத்தைப் போன்றிருப்பதால் நாய்கள் உண்டுவிடுகின்றன. சில மணி நேரத்துக்குள்ளேயே உடல் கொதித்து வலிப்புக் காணும்.

எலிக்கு வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு, இரைப்பையிலுள்ள அமிலம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவாகிறது. புரோமடியோலோன் வகை எலிமருந்தோ இரத்தம் உறையாதபடி செய்கிறது. அதை உண்ட நாய் சில நாள்கள் நன்றாகவே இருக்கும். பிறகு ஈறு வெளுத்து, மூக்கிலும் மலத்திலும் இரத்தம் காணும். ஆகையால், "தின்று இரண்டு நாளாயிற்று, ஒன்றும் ஆகவில்லை" என்று வாளா இருந்துவிடலாகாது.

ஆமணக்குப் பிண்ணாக்கு எருவாகப் பயன்படுவது. ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு. பக்குவமாகச் சூடேற்றப்படாத பிண்ணாக்கில் அது எஞ்சியிருக்கும். செடியடியில் போட்ட பிண்ணாக்கை நாய் கிளறித் தின்றால் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் ஏற்படும். இதனை மண்ணுக்குள் ஆழப் புதைத்து மூட வேண்டும். மூட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நச்சு உணவு எதுவாயினும், மாலையில் வைத்ததை எண்ணிக் குறித்துக்கொண்டு, காலையில் எஞ்சியதை எடுத்துப் புதைத்துவிடுவது முறை. செத்த எலிகளையும் அவ்வாறே பொறுக்கிப் புதைக்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

தெளிப்பதற்கு முன்பு: நாயின் சோற்றுத் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் அவ்விடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். நாயைக் காற்று வரும் திசைக்கு முன்பக்கமாகத் தொலைவில் நிழலில் கட்டி, தண்ணீர் வைக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கும் அவ்வழியே ஆடு ஓட்டிச் செல்வோருக்கும் முதல் நாளே தெரிவிக்க வேண்டும்.

தெளிக்கும்போது: காற்று பலமாக வீசும் வேளையில் தெளிக்கலாகாது. டப்பாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு மூடி கூட ஊற்றலாகாது. இரண்டு மூன்று மருந்துகளை நாமாகக் கலப்பது கூடாது.

தெளித்த பின்பு: தரை நன்கு உலரும் வரையில் நாயை அவிழ்க்கலாகாது. டப்பாவுடன் வரும் துண்டுத்தாளில் காத்திருக்க வேண்டிய காலம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவே விதி. அவ்வாறு குறிப்பிடப்படாதபோதும், ஒரு முழு நாளாவது கட்டி வைப்பது என்பதை எங்கள் வட்டாரத்தில் வழக்கமாக்கியிருக்கிறோம். மாலையில் தெளித்தது இரவுப் பனியில் எளிதில் உலராது. விடியலில் புல் ஈரமாகவே இருக்கும். என் அலுவலகத்தில் நேர்ந்தது இதுவே. குருணை மருந்தாயின் தூவியவுடன் மண்ணோடு கலந்து நீர் பாய்ச்சி, மேலாக ஒரு குருணையும் தெரியாதபடி செய்ய வேண்டும். கோழிகளுக்கும் இது பொருந்தும். அவை குருணையைத் தானியம் என்று எண்ணிப் பொறுக்கும்.

தெளிப்பானைக் கழுவிய நீரைக் குட்டையிலோ வாய்க்காலிலோ விடலாகாது. குழியில் தேங்கவும் விடலாகாது. தாகமுற்ற நாய் அதைத்தான் குடிக்கும். காலி டப்பாவை நன்கு கழுவி நாய்க்குத் தண்ணீர் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அதைச் செய்யலாகாது. டப்பாவைத் துளையிட்டு, மறுபடி பயன்படாதபடி செய்துவிட வேண்டும்.

இன்னொன்று பலரும் நினையாதது. மருந்தடித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் எஜமானனைக் கண்டதும் நாய் ஓடிவந்து வாலாட்டிக் காலையும் கையையும் நக்கும். அதன் அன்பே அதற்கு நஞ்சாகலாம். ஆதலால் சோப்பிட்டுக் குளித்து உடைமாற்றிய பின்னரே நாயின் அருகிலும், நமது குழந்தைகளின் அருகிலும் செல்ல வேண்டும்.

உண்ணியை ஒழிப்பதற்காகப் பயிருக்கு அடிக்கும் மருந்தை நாயின் உடம்பில் பூசுவோரும் இருக்கிறார்கள். இது மிகவும் அபாயகரமானது. உண்ணிக்குரிய மருந்தைக் கால்நடை மருத்துவரிடமே கேட்டுப் பெறுக. நாய்க்குக் கொடுத்த பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடுவதும் கூடாது. பூனையின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்ற வல்லதன்று.

தீங்கு நேர்ந்துவிட்டால்

நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் பொருளொன்று உடலில் உண்டு. அதன் வேலை முடிந்தவுடன் அதைச் சிதைத்துவிடும் நொதி ஒன்றும் உண்டு. ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி நில்லாமல் போய்க்கொண்டே இருப்பதால் எச்சிலும் கண்ணீரும் பெருகுகின்றன; வாந்தியும் கழிச்சலும் உண்டாகின்றன; கண்மணி சுருங்குகிறது; தசை துடிக்கிறது; இறுதியில் மூச்சு அடைக்கிறது. இதற்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்து உண்டு. மருத்துவர் உரிய நேரத்தில் அதைச் செலுத்தினால் பிழைக்கும் நாய்கள் பல. ஆகையால் ஒவ்வொரு நிமிஷமும் மதிப்புள்ளது.

முதலில் நாயை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். கையுறையோ பாலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு, உடம்பில் மருந்து பட்டிருந்தால் சோப்பும் ஏராளமான நீரும் கொண்டு கழுவ வேண்டும். பாதவிரல் இடுக்குகளை மறக்கலாகாது. நக்காதபடி வாயைத் துணியால் துடைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாயில் எதையும் ஊற்றலாகாது. பால், எண்ணெய், உப்புநீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டா. கொழுப்பில் கரையும் நஞ்சைப் பாலும் எண்ணெயும் விரைவாக உடலில் சேர்க்கக்கூடும். நடுங்கும் நாயின் வாயில் ஊற்றியது இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் சென்றுவிடவும் கூடும். மருத்துவர் சொன்னாலன்றி வாந்தியெடுக்கச் செய்வதும் தவறு. எலிமருந்து தின்ற நாயின் வாந்தியிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் கெடுதி செய்யும். அதைத் திறந்த வெளியிலேயே வைத்திருக்க வேண்டும்.

1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். அழைக்கும்போதே மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். டப்பாவையோ, அதன் மேலுள்ள சீட்டையோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த மருந்து என்று தெரியாவிட்டால் மருத்துவரின் வேலை இரட்டிப்பாகும்.

மருந்து தேவைதானா?

தெளிப்பதற்கு முன் இந்தக் கேள்வியையும் கேட்டுக்கொள்வது சிக்கனமும் ஆகும், புண்ணியமும் ஆகும். என் அலுவலகப் புல்தரையில் கண்ட வேர்ப்புழு ஒருவகை வண்டின் புழுப் பருவமே. கோடை மழைக்குப் பின் அந்த வண்டுகள் அந்திப்பொழுதில் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரம், முருங்கைமரம் போன்றவற்றில் வந்து அமர்கின்றன. கிளைகளை உலுக்கி, கீழே விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டு அழித்தால் அடுத்த தலைமுறைப் புழு குறைந்துவிடும். விளக்குப்பொறியும் உதவும். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணத்தைத் தொழு உரத்தோடு கலந்து மண்ணில் இடுவது இன்னொரு முறை. இலை தின்னும் பூச்சிகளுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம். அன்று இவற்றை நான் யோசித்திருந்தால் பெரியவருக்கு அத்துயரம் நேர்ந்திராது.

ஊராட்சியின் கடமை

பொது இடங்களில் மருந்து தெளிக்கும்போது ஊராட்சி மன்றத்தினர் முன்னறிவிப்புச் செய்வது இன்றியமையாதது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022ஆம் ஆண்டில் அரசு அறிவுறுத்திய பின், ஒலிபெருக்கி மூலம் அறிவிப்பதே முறை. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் மருந்து தெளிக்கப்படும். நாய், ஆடு, கோழிகளைக் கட்டி வைக்க வேண்டும். இன்ன நேரத்துக்குப் பின் அவிழ்க்கலாம் என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். திடலின் நுழைவாயிலில் பலகை ஒன்றும் தொங்கவிட வேண்டும். உரிமையாளரற்ற தெரு நாய்களுக்கு அறிவிப்புப் பயன்படாது. ஆகவே வேலியடைத்துக் காவலாள் நிறுத்துவதும் நம் பொறுப்பே. மே 1, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களின் கிராமசபைக் கூட்டங்களில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசினால், விதைப்புக் காலத்துக்கு முன்பே ஊரார் மனத்தில் பதியும்.

இப்போது நான் பணிபுரியும் வட்டாரத்தில், மருந்து தெளிப்பதற்கான கோப்பு என் மேசைக்கு வரும்போது அளவையும் செலவையும் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. "யார் யாருக்குச் சொல்லப்பட்டது?" என்ற ஒரு வரியை அதில் சேர்த்திருக்கிறேன். அதில் இரவுக் காவலரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் தத்தம் ஊரில் இந்த ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுகிறேன். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு வார்த்தை சொல்வது ஒன்றே போதும். நமது உடைமைக்கு இரவெல்லாம் காவல் இருக்கும் பிராணிக்கு நாம் ஒரு நாளாவது காவல் இருப்போமாக.